பயந்தவள் பார்க்கும் திசை

"பவளத்தோட நிஜப் பேர் என்ன சார்? எனக்கு இப்பவே தெரியணும்."

கேட்டே விட்டாள் வெள்ளத்தாய். எந்தக் கேள்வியை எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று இதே அறையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தக் கேள்வியை, சொல்லிக் கொடுத்த மனுஷனிடமே.

பேராசிரியர் விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை வேண்டுமே.

"நம்ம ஆய்வுல முதல் ரூல் என்ன, வெள்ளத்தாய்?"

"பேர் கேக்கக் கூடாது. அடுத்தது, ஊர் கேக்கக் கூடாது. எல்லாம் மனப்பாடமா இருக்கு சார். காலையில உங்களைத் தேடி ஒருத்தன் வந்தான்னு போன்ல சொன்னீங்களே, அந்த ஆளுக்கு ஏதாச்சும் ரூல் இருக்கா? மொதல்ல அதைச் சொல்லுங்க."

கதவில் சாய்ந்து நின்ற பெலிக்ஸ், "நல்லா கேளுங்க ஆபீசர்" என்றான்.

அவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான். அவளுக்கு ஆபீசும் கிடையாது, ஆர்டரும் கிடையாது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடி அறை, 'வரன் விசாரித்துத் தரப்படும்' என்று ஒரு போர்டு, கொரியர் கம்பெனியை விட்டு வந்த பெலிக்ஸ், அவனுடைய பழைய பைக். இதுதான் அவர்களுடைய துப்பறியும் சாம்ராஜ்யம். மாப்பிள்ளை சொல்கிற உத்தியோகம் நிஜமா, குடிப்பானா, வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்திருக்கிறானா என்று துருவிச் சொல்வது தொழில்.

அதற்கு முன்னால் அவள் பார்த்தது இந்த ஆய்வு வேலை. அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். உளவியலில் எம்.ஏ. முடித்ததும் வாங்கிய முதல் சம்பளம் இங்கேதான். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த வீட்டுக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்கிற பெண்கள், அந்தப் பயத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள்? அதுதான் ஆய்வு. அந்தப் பெண்களேதான் போனில் கூப்பிடுவார்கள். நம்பர் தெரியாதபடி ஏற்பாடு. பேருக்குப் பதில் முத்து, பவளம், மரகதம் என்று ஆளுக்கொரு கல்லின் பேர். பேசியதை எழுதி முடித்ததும் குரல் பதிவை அழித்துவிடுவார்கள். பவளத்தின் குரல் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம், வெள்ளத்தாயின் காதில்.

"பேர் எங்கிட்டயும் இல்லம்மா" என்றார் பேராசிரியர். "எங்க யார்கிட்டயும் இல்ல. இருந்தா இந்நேரம் நானே அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு எச்சரிச்சிருப்பேன்."

"சரி. வந்தவன் என்ன சொன்னான்? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"மரியாதையான ஆளாத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டின முடி. நிமிர்ந்து உக்காந்தார். ஆண்டிச்சாமின்னு பேர் சொன்னார், ரிட்டயர்டு ஏட்டாம். நம்ம ஆய்வோட தமிழ்ச் சுருக்கத்தை வெப்சைட்ல இருந்து பிரிண்ட் எடுத்து வச்சிருந்தார். அதுல ஒரு வரிக்கு அடியில சிவப்புக் கோடு. 'புருஷன் கையை முறிச்சாகன்னு எழுதியிருக்கீங்களே, இந்தப் பவளம் என் தம்பி மக. குடும்பத்தைத் தலைகுனிய வச்சிட்டுப் போனவ. எங்க இருக்கா?'ன்னார். தெரியாதுன்னேன். 'உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்'னு சிரிச்சார். டீ குடிச்சார், கிளம்பிட்டார்."

"டீயா?" என்றான் பெலிக்ஸ். "நாங்க இந்தப் படியில எம்புட்டு நாள் ஏறியிருக்கோம், எங்களுக்கு ஒரு வாய் தண்ணி உண்டா சார்?"

"ஏலே, வாயை மூடு."

 பவளம் கடைசியாகப் பேசியது வெள்ளத்தாயின் காதில் ஓடியது. தேனிப் பக்கம் குடியிருந்தபோது அண்ணன்மார் கண்டுபிடித்து, அவள் புருஷன் கையை அடித்து முறித்த கதை. 'அடுத்த தடவை கையோட நிறுத்த மாட்டாகக்கா. எனக்கும் சேத்துத்தான்.' அதைச் சொல்லும்போது பவளம் அழவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

"அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை எவன் போடச் சொன்னது?" என்று கத்தினாள் வெள்ளத்தாய். "அதுல அவ வாசல்ல வச்சிருக்கிற ஷூவைப் பத்தி எழுதியிருக்கே! பேரை மறைச்சீங்க, ஊரை மறைச்சீங்க, வாசலைத் திறந்து போட்டுட்டீங்களே சார்!"

அந்தப் பத்தி அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. போலீஸ்காரர்கள் போடுகிற கறுப்பு ஷூ ஒரு ஜோடியை வாங்கி எப்போதும் வாசலில் வைத்திருப்பதாகப் பவளம் சொன்னாள், வீட்டில் போலீஸ் யாரும் இல்லாவிட்டாலும் பார்க்கிறவன் யோசிப்பான் அல்லவா, என்று இருந்தது அதில். வெறும் பத்தியா அது? வழி சொல்லும் பலகை!

கோடு போட்ட வரி எது என்று பேராசிரியரைக் கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தாள். தடதடவென்று படியிறங்கினாள்.

*

"எங்கன்னு போறது ஆபீசர்? திசையாச்சும் சொல்லுங்க. ராஜபாளையத்து நாய்க்குக்கூட மோந்து பாக்க ஒரு துணி குடுப்பாக."

"வண்டியை எடு. சொல்றேன்."

பைக் கிளம்பியது. வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பவளத்தின் போன் பேச்சுகளைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டினாள். ஊர்ப் பேர் கேட்கக் கூடாது என்றார்களே தவிர, காதை மூடிக்கொள்ளச் சொல்லவில்லையே.

"பேசிக்கிட்டே இருப்பா. திடீர்னு 'செத்த இருங்கக்கா'ம்பா. பொறவு தட்டைத் தட்டுற சத்தம் கேக்கும், டங்கு டங்குன்னு. திரும்பி வந்து 'போயிருச்சு'ம்பா."

"சாமியாடுவாளோ?"

"குரங்குலே. குரங்கு விரட்டுவா. மழைக்காலத்துல ஒருநா பின்னாடி மைக் சத்தம். ஜீப்புல சொல்லிட்டே போறான், ஓடையில தண்ணி வருது, யாரும் இறங்காதீங்கன்னு."

பெலிக்ஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். 

"ஓடை, குரங்கு, ஜீப்புல மைக்கு. செண்பகத்தோப்பு" என்றான் பிறகு. "ஃபாரஸ்ட்காரன் ஜீப்பு அது. கொரியர்ல இருக்கும்போது அங்க ஒரு பார்சல் கொண்டுபோனேன். குரங்கு பறிச்சுட்டுப் போயிருச்சு. வாங்கினவர் கையெழுத்துன்னு இருக்கிற இடத்துல நான் எதைப் போடுறது?"

அவள் சிரிக்கவில்லை. "வேகமாப் போ."

"வேகமாப் போகப் பெட்ரோல் வேணும். பயத்துல வண்டி ஓடாது."

வன்னியம்பட்டி விலக்கு பங்க்கில் நிறுத்தினான். வெள்ளத்தாய் இறங்கி ரோட்டையே பார்த்தாள். ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் ஆண்டிச்சாமியாகத் தெரிந்தது. பேருந்து, கரும்பு லாரி, சைக்கிளில் குடத்தோடு போகிற பெரியவர், அத்தனை பேரும் செண்பகத்தோப்புக்குத்தான் போகிறார்கள் என்று தோன்றியது.

"ஆபீசர், உங்களுக்கு ஒரு வரன் அமையும்போல" என்றான் பெலிக்ஸ் காசைக் கொடுத்துக்கொண்டே. "அந்தா கொய்யாப்பழ வண்டிகிட்ட நீலச் சட்டை. பழத்தை வாங்கிட்டுப் பழத்தைப் பாக்காம உங்களையே பாக்கான். விசாரிச்சுச் சொல்லவா? சொந்த ஆபீசுக்குத் தள்ளுபடி உண்டு."

அவள் திரும்பிப் பார்த்தாள். முப்பது வயது ஆள், புது பைக், ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. அவன் சட்டென்று குனிந்து பழத்தைத் துடைத்தான். அவளுக்குத் தேவை ஒட்ட வெட்டிய முடியும் வெள்ளைச் சட்டையும்தான். இது அது இல்லை.

"ஏறுலே" என்றாள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, பால்கோவாக் கடைக் கூட்டத்தில் ஹாரன் அடித்துப் புகுந்து, ஊரைத் தாண்டி மேற்கே திரும்பினார்கள். மலை நேரே எழும்பி நின்றது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. நிழல் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வெள்ளத்தாய்க்கு வியர்த்தது.

ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டினார்கள். தோப்புகளுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள்.

"ஷூ இருக்கிற வீடு. அம்புட்டுதான?" என்றான் பெலிக்ஸ். "சிக்கல் என்னன்னா, இந்தப் பக்கம் முக்கால்வாசி வீட்டுல ஒரு போலீஸ், இல்லாட்டி ஒரு மிலிட்டரி. எல்லா வாசல்லயும் ஷூதான் இருக்கும்."

நடந்து பார்த்தார்கள். ஒரு வாசலில்கூட ஷூ இல்லை. செருப்புகூட இல்லை. ஒரு வீட்டுத் திண்டில் போலீஸ் காக்கி பேன்ட் காய்ந்தது. வாசல் துடைத்து வைத்தது போல வெறுமையாக இருந்தது.

பெலிக்ஸ் காலி அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு கொரியர்காரன் ஆனான். கம்போடு நின்ற ஒரு அம்மாளிடம் போய், "யக்கா, உங்க ஊர்ல எல்லாரும் வெறுங்காலோடதான் டூட்டிக்குப் போவாகளா? வாசல்ல ஒரு செருப்பையும் காணோமே?" என்றான்.

"வெளிய வச்சா விட்டுவைக்குமா? கொரங்கு தூக்கிட்டு மரத்து மேல போயிரும். எங்க வீட்டுக்காரர் பூட்ஸு ஒண்ணு இன்னும் அந்தப் புளியமரத்துல கெடக்கு. ஒத்தை பூட்ஸை வச்சு நான் என்ன செய்ய?" என்றாள் அவள். "உள்ள வச்சுப் பூட்டித்தான் நாங்க வெளிய போறது."

திரும்பி வந்து சொன்னான். வெள்ளத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். மூளை பயத்தை உதறிவிட்டு ஒரு நிமிஷம் தன் வேலையைப் பார்த்தது.

"நிஜப் போலீஸ்காரன் ஷூவை உள்ள வைப்பான். பொய்ப் போலீஸ் என்ன செய்யும்?"

"வெளிய வைக்கும். கொரங்கு கொண்டுபோயிரும். சுபம்."

"கொண்டுபோகாம இருக்க என்ன செய்யும்?"

"கட்டி வைக்கும்... இல்ல, கனமா ஏதாச்சும்..." பெலிக்ஸ் பெட்டியைத் தரையில் வைத்தான். "ஆபீசர், உங்களைக் கட்டிக்கப் போறவனை நினைச்சா எனக்கு இப்பவே பாவமா இருக்கு."

கடைசி வீடு. தகரக் கூரை, பின்னால் மாந்தோப்பு. வாசல்படியின் ஓரத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து முன்பக்கம் மேலே வளைந்திருந்தது. இரண்டுக்குள்ளும் கழுத்து வரை ஓடைக் கல்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. நமக்கே இத்தனை சீக்கிரம் கிடைத்துவிட்டது. அப்படியானால் அந்த ஏட்டுக்கு?

கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ சத்தம் சட்டென்று நின்றது. 

"பவளம்" என்றாள் மெதுவாக. "நான்தான். போன்ல பேசின அக்கா."

 பிறகு அந்தக் குரல், கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில்.

"செத்த இருங்கக்கா."

*

தாழ்ப்பாள் இரண்டு, ஒரு உலக்கை, ஒரு மூட்டை, எல்லாம் விலகிய பிறகுதான் கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு ஒல்லியாக ஒரு பெண். குரலை வைத்து நெட்டையான ஒருத்தியை மனசில் கட்டி வைத்திருந்தாள் வெள்ளத்தாய். இவள் தோளுயரம்தான் இருந்தாள்.

"நீங்க குண்டா இருப்பீகன்னு நெனச்சேன்" என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "என்னைப் பவளம்னே கூப்பிடுங்க. பழகிருச்சு. யாரு வந்தா? எங்க அண்ணனுகளா?"

பெலிக்ஸ் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டான். வெள்ளத்தாய் சொன்னாள். ஆண்டிச்சாமி என்ற பேரைக் கேட்டதும் பவளம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பெரியப்பாவா? அண்ணனுக வந்திருந்தாக்கூடத் தேவலை. அவனுக கத்துவானுக, தெரு கூடும். பெரியப்பா கத்த மாட்டாரு."

"உன் வீட்டுக்காரர்?"

"ராஜபாளையத்துல மில்லுல. பகல் ஷிப்ட்."

"கிளம்பு. ஷூவை வச்சு அந்தாளு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால..."

"எந்த ஷூ?"

"வாசல்ல இருக்கே, அதுதான். ஆய்வுல எழுதியிருக்கு. அதைத்தான் கோடு போட்டு வச்சிருக்கான்."

பவளம் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அவரு தேட மாட்டாருக்கா. எந்தக் களவுலயும் அவரு பொருளைத் தேடினதே கெடையாது. சின்னப் புள்ளையில சாப்பிடும்போது எங்களுக்குப் பெருமையாச் சொல்லுவாரு. சந்தேகப்பட்டவன் வீட்டுக்குப் போவாரு. மரியாதையாப் பேசுவாரு. 'விஷயம் தெரிஞ்சு போச்சுப்பா'ம்பாரு. ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவாரு. பொறவு தெரு முனையில ஒரு ஆளை நிறுத்தி வைப்பாரு. பயந்தவன் நேரே போயிப் பொருள் பத்திரமா இருக்கான்னு பாப்பானாம். பின்னாலயே போயி எடுத்துக்கிட வேண்டியதுதானாம்."

வெள்ளத்தாயின் காதுக்குள் ஏதோ ஊ என்று ஊதியது. போனை எடுத்தாள். பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"சார். அந்தாளு கோடு போட்டிருந்த வரி எது?"

"அதுவா? நம்ம முடிவுரையில வர்றது. நல்லா எழுதியிருக்கீங்கன்னு பாராட்டினார்கூட." பேராசிரியர் நினைவிலிருந்தே சொன்னார். "'ஆபத்து என்று கேள்விப்பட்டதும் இவர்கள் ஓடுவதில்லை. தாங்கள் ஒளித்து வைத்திருப்பதை ஒரு முறை போய்ப் பார்த்துவிடுகிறார்கள்.' ஏன்மா? ஹலோ? வெள்ளத்தாய்?"

அவள் எழுதிய வரிதான் அது. பல பெண்களின் பயத்தைக் கேட்டுக் கேட்டு, வடிகட்டி எடுத்த வரி. சொந்தப் பயம் வந்தபோது அவளும் அதையேதான் செய்திருக்கிறாள். அந்தக் கிழவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்தது அவள்.

"ஆபீசர்" என்றான் பெலிக்ஸ் ஜன்னலிலிருந்து. குரலில் கேலி என்பது பேருக்குக்கூட இல்லை. "கொய்யாப்பழம்."

ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தாள். மாமர நிழலில் புது பைக். நீலச் சட்டை சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்த வீட்டைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே பேசினான், எதிர்முனைக்கு அது தெரியும் என்பது போல.

"எங்க சித்தி மகன்" என்றாள் பவளம். "பெரியப்பா ஆண்டாள் கோயில் பக்கந்தான் எங்கயோ காரோட நிப்பாரு. இப்ப வந்துருவாரு."

"ஸ்டேஷனுக்குப் போன் போடுவமா?" என்றான் பெலிக்ஸ்.

"தேனியில போட்டோம். போலீஸ்காரவுக பெரியப்பாவுக்கே போன் போட்டு விசாரிச்சாக."

 தகரக் கூரைமேல் ஒரு குரங்கு தடதடவென்று ஓடியது. மூன்று பேரும் ஒன்றாக அதிர்ந்தார்கள்.

வெள்ளத்தாய்க்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டது. எத்தனை பாடு பட்டுப் படித்த படிப்பு! அதை ஒருவன் டீ குடித்துக்கொண்டே தூண்டில் புழுவாக மாட்டிவிட்டான். புழு அவள்தான்.

"தோப்புக்குப் பின்னால என்ன இருக்கு?"

"வாய்க்கா. அதைத் தாண்டினாக் கீழ ரோடு. ஊருக்குப் போற வழி."

"சரி, கேளுங்க. பெலிக்சு, நீ முன்வாசல் வழியா வெளிய போற. சத்தமாப் பேசிட்டுப் போற. சோறு வாங்கப் போறேன்னு சொல்லு. கொய்யாப்பழம் உன் பின்னால வர மாட்டான், வீட்டைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். பவளம், நீ பின்னால தோப்பு வழியாப் போ. கீழ ரோட்டுல இவன் நிப்பான். நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போங்க. எனக்குத் தெரிஞ்ச வக்கீல், பெத்தம்மாள் அக்கா இருப்பாக. கூட்டத்து நடுவுல போயி நின்னுக்கோங்க. அவகளே மில்லுக்கு ஆள் அனுப்பி உன் வீட்டுக்காரரைக் கூப்பிடுவாக."

"நீங்க?"

"நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருக்கேன். உன்னை இங்க காணோம்னா அவுகளுக்கு என்கிட்ட என்ன வேலை?"

பெலிக்ஸ் அவளையே பார்த்தான். பொய்யை மோந்து பார்க்கத் தெரிந்தவன். மாப்பிள்ளைமார் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

"ஏட்டி" என்றான். ஆபீசர் என்கிற பேச்செல்லாம் போய்விட்டது. "நானும் இருக்கேனே."

"பைக்கை யாரு ஓட்டுவா, குரங்கா? போலே."

கதவைத் திறந்து வெளியே போனதும் அவன் குரல் பழையபடி ஆனது. "ரெண்டு பொம்பளைய சேந்துட்டா வயிறு காயும்போலயே! சாம்பார்சோறா, தயிர்சோறான்னாச்சும் சொல்லித் தொலைங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். பைக் கிளம்பிப் போனது. நீலச் சட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வீட்டைப் பார்க்கத் திரும்பினான்.

பின்கதவில் பவளம் ஒரு நொடி நின்றாள். வெள்ளத்தாயின் கையைப் பிடித்தாள். மாவு ஒட்டியது. பிறகு மாமரங்களுக்கு நடுவில் குனிந்து ஓடினாள்.

*

தனியாக இருக்கும்போதுதான் பயம் முழு உருவத்தோடு வந்து உட்கார்ந்தது.  மாவு பிசைந்த பாத்திரத்தைப் பார்த்தாள். பாதி பிசைந்தபடி நின்ற மாவு. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். கதவு ஒன்று மூடியது, இன்னொன்று, இன்னொன்று.

"அம்மா." கரகரப்பில்லாத, பதமான குரல். "செத்த வெளிய வாரியா? பெரியப்பா வந்திருக்கேன்."

இடுக்கு வழியே பார்த்தாள். வெள்ளைச் சட்டை. வாசல்படியில் குந்தி உட்கார்ந்திருந்தார் ஆண்டிச்சாமி. ஷூவுக்குள்ளிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார், புளியங்கொட்டை பொறுக்குகிறவர் போல அவசரமில்லாமல். காரோரம் இரண்டு பேர். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. நீலச் சட்டை வேலிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான், கொல்லைப்புறமாக.

உள்ளேயே இருந்தால் கதவை உடைப்பார்கள். பவளம் இல்லை என்று தெரிந்ததும் நாலு பக்கமும் ஆள் போகும். கீழ ரோட்டுக்கும் போகும். அவள் வாய்க்காலை இன்னும் தாண்டியிருப்பாளோ மாட்டாளோ.

அந்தக் கிழவன் ஒரே ஒரு வரியைத்தான் நம்புகிறான். நம்பட்டும்.

உலக்கையை எடுத்தாள். மூட்டையைத் தள்ளினாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

ஆண்டிச்சாமி தலையை நிமிர்த்தினார். அவள் தோளுக்குப் பின்னால் வீட்டுக்குள் ஒரு பார்வை போய் வந்தது. சின்ன வீடு. ஒரே பார்வையில் முடிந்துவிட்டது.

"புள்ள எங்கம்மா?"

"எந்தப் புள்ளை?"

"படிச்ச பொண்ணு நீ. உனக்கு இந்த வம்பு எதுக்கு? உன்கிட்ட எனக்கு ஒரு பகையும் இல்ல. எங்கன்னு மட்டும் சொல்லு, போயிரு."

"படிச்சதாலதான் சொல்ல மாட்டேன்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. வரட்டும். உதடு நடுங்கியது, நடுங்கட்டும். எதையும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. பயம் நிஜம். திசை மட்டும்தான் பொய்.

அவள் கண் கீழ ரோட்டுப் பக்கம் போகத் துடித்தது. பல்லைக் கடித்து அதை இழுத்து நிறுத்தினாள். பிறகு விட்டாள், மேற்கே, செக்போஸ்ட்டைத் தாண்டி, மலைக்குப் போகிற காட்டுப் பாதையை நோக்கி. ஒரே ஒரு நொடி. மாட்டிக்கொண்டவள் போலச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்லை எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏலே" என்றார் ஆண்டிச்சாமி, நீலச் சட்டையைப் பார்த்து, அதே பதமான குரலில். "கொல்லையை விடு. இங்க வா."

வெள்ளத்தாய் படியிறங்கினாள். அவரைத் தாண்டி, காரைத் தாண்டி, கம்பி வைத்திருந்தவன் மூச்சுப் படுகிற தூரத்தில் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க மாட்டார்கள், அவள் வழிகாட்ட வேண்டுமே. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மலையைப் பார்க்கத் திரும்பினாள். பின்னால் சருகில் செருப்புச் சத்தம் ஒன்று கேட்டது. அடுத்து இன்னொன்று. எல்லாம் அவளுக்குப் பின்னால்தான் வந்தன.

நடையை வேகப்படுத்தினாள்.